பச்சை டேப்புக்குப் பேப்பர் எங்கே?

நிவேதா போன் செய்தது ஒரு திங்கட்கிழமை காலையில். நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆபீஸ் பிள்ளை அவள், மதுரைப் பக்கம். ஸ்டிக்கர் செக்‌ஷனை மூடப் போகிறார்களாம். வீடியோ கேம் எல்லாம் இப்போது பெட்டியில் வருவது குறைந்துவிட்டது, நெட்டிலேயே இறங்கிவிடுகிறது, இனி ஸ்டிக்கர் ஒட்ட ஆள் வேண்டாம் என்றாள். மூடுவதற்கு முன்னால் ஒரு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு பக்கம். தலைப்பு ‘இனிய நினைவுகள்’.

“தமிழ்லயே எழுதுங்க ஆன்டி. இங்கிலீஷ்ல நாங்க மாத்திக்கிறோம். நல்லதா நாலு வார்த்தை, போதும்.”

சரி மக்களே என்று சொல்லிப் போனை வைத்தேன். எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, வாயும் அதோடு நின்றுவிட்டது என்று என் மகன் கேலி செய்வான். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் பிந்தித்தான் வரும். இந்தக் கோபம் வந்து சேர ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

இனிமை கேட்டாய் நிவேதா. என்னிடம் இருப்பது இதுதான். போட்டால் போடு, போடாவிட்டால் திருப்பித் தா.

நான் பிலோமினா. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. ஷார்ஜாவில் ஒரு வீட்டில் எட்டு வருஷம் சமையல் வேலை செய்தேன். அந்த வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பிள்ளை சொல்லி, தொழில்பேட்டையில் இந்த வேர்ஹவுஸில் விசா மாற்றிக்கொடுத்தார்கள். முதல் நாள் அந்தப் பெட்டிகளைப் பார்த்து சினிமா சிடி என்றே நினைத்தேன். வேலை பழக இரண்டு வாரம். பெறவு பதினேழு வருஷம்.

சும்மா ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைதானே என்பார்கள். என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சும்மாவா என்று நீங்களே பாருங்கள்.

வளைகுடாவில் விற்கிற கேம் எல்லாம் ஐரோப்பாவுக்காகச் செய்ததுதான். அங்கிருந்து அட்டைப்பெட்டிகளில் வரும். ஒவ்வொரு கேம் பெட்டியிலும் கீழே இடது மூலையில் அவர்கள் ஊர் வயது எண் இருக்கும், பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்று. வளைகுடா அரசாங்கம் வேறு எண் தரும். எங்கள் ஸ்டிக்கர் அந்தப் பழைய எண்ணை முழுதாக மூட வேண்டும், ஒரு நூல் வெளியே தெரியக் கூடாது. சுருளைப் பலகை விளிம்பில் வைத்து இழுத்தால் ஸ்டிக்கர் தானே நிமிரும். இடது கைப் பெருவிரல் நகத்தில் எடுத்து, மேல் ஓரத்தை முதலில் வைத்து, துணியால் கீழ்நோக்கி ஒரே தேய்ப்பு. கோணலாகப் போனால் தலைமுடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கிழியும். கிழிந்தால் அந்தப் பெட்டி டேமேஜ். ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் உண்டு, எந்த வேர்ஹவுஸில் ஒட்டியது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஒரே படம் போட்ட பெட்டி இரண்டு விதமாக வரும். ஒன்றில் உள்ளே ஆட்கள் அரபியில் பேசுவார்கள், மற்றதில் பேச மாட்டார்கள். மேலே பார்த்தால் அக்காவும் தங்கையும் மாதிரி. பின்னால் கோடு கோடாக இருக்கிற இடத்தில் கடைசி நாலு எண் மட்டும் மாறும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். ஒரு தடவை நானூறு பெட்டிக்கு நடுவே வேறு நாட்டுச் சரக்கு கலந்து வந்துவிட்டது. பின்பக்க எழுத்தில் சிலதுக்குத் தலையில் புள்ளி, சிலதுக்கு வால். கடைசி நாலு எண்ணும் சேரவில்லை. நான்தான் கையைக் காட்டி லைனை நிறுத்தினேன். ஐரோப்பாவிலிருந்து பாராட்டி லெட்டர் வந்தது, கூடவே ஒரு கண்ணாடிக் கேடயம். அது சந்தானம் சார் மேசையில் இன்றைக்கும் இருக்கும். என் பேர் அதில் இல்லை. அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. இப்போது படுகிறது.

அடுத்தது டேப். இதுதான் முக்கியம்.

கேம் வெளியாகிற தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே சரக்கு எங்களிடம் வந்துவிடும். தேதிக்கு முன்னால் ஒரு பெட்டி கடைக்குப் போனாலும் குற்றம். அதனால் ஒட்டி முடித்த அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் சிவப்பு டேப். சிவப்பு டேப் இருந்தால் லாரிக்காரன் தொட மாட்டான். ஐரோப்பாவிலிருந்து வெளியிடலாம் என்று பேப்பர் வந்து, அதில் சந்தானம் சார் கையெழுத்துப் போட்டு எங்களிடம் தந்த பிறகு, சிவப்பை உரித்துப் பச்சை ஒட்டுவோம். ஒட்டினவர் தன் நம்பரைப் பெட்டிச் சீட்டில் எழுத வேண்டும். நான் மூன்று. பச்சை டேப் பூட்டின டிராயரில் இருக்கும். அந்தச் சாவி என் கழுத்தில், மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்து.

ஐரோப்பாவில் கேம் வெளியாவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஷார்ஜாவில் அப்போது வெள்ளி லீவு, வியாழக்கிழமை சாயங்காலம்தான் கடைகளில் கூட்டம். அதனால் வளைகுடாவுக்கு மட்டும் ஒரு நாள் முன்னால் விற்க அவர்களே சம்மதித்திருந்தார்கள். ‘வியாழன் நம்ம நாள்’ என்பார் சந்தானம் சார். அப்படியென்றால் புதன்கிழமை மத்தியானம் டேப் மாற்ற வேண்டும்.

சந்தானம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க்காரர். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எங்களை எல்லாம் அம்மா என்றுதான் கூப்பிடுவார். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம், கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தனியாகக் கேக். மற்ற செக்‌ஷன்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், உங்க சார் தங்கம் என்று. அந்தத் தங்கம் எதையும் எழுதித் தராது. புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். எனக்குப் பின்னால் வந்து நிற்பார். மேசையில் நடுவிரலால் இரண்டு தட்டு. “அம்மா, பச்சை.” போய்விடுவார். பேப்பர் வராது.

சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை பேப்பர் கேட்டேன். சிரித்தார். “என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்றார். பக்கத்தில் நாலு பேர் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதன் பிறகு கேட்கவில்லை. பதினோரு வருஷம் அந்த இரண்டு தட்டுத்தான் எங்களுக்குப் பேப்பர்.

யோகேஸ்வரி அதற்கு நடுவில்தான் வந்தாள். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் நம்பர் ஏழு. ஊரில் ஒரு மகள், புருஷன் இல்லை. எனக்கு இல்லாத வாய் எல்லாம் அவளிடம் இருந்தது. பெட்டியில் இருக்கிற ஆட்களுக்கெல்லாம் பேர் வைப்பாள். வாயசையாமல் ஜெபமாலை சொல்லுகிற என்னைப் பார்த்து, அக்காவுக்கு மாதாகிட்டப் பேசவும் வெட்கம் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒட்டிய ஸ்டிக்கரில் கோணல் நான் பார்த்ததில்லை.

அந்தக் கேம் பெரிய கேம். குதிரை மேல் வாள் பிடித்த ஒருத்தன் படம். எங்க தோட்டத்துக் கங்காணி மாதிரியே முறைக்கிறான்க்கா, இவன்கிட்ட லீவு கேட்க முடியாது என்றாள் யோகா. முழுக் கேமும் அரபியில் பேசுமாம், ஒரு வருஷத்துக்கு மேலாக அதற்கென்று ஆட்கள் உட்கார்ந்து மாற்றினார்களாம். கடைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்கு மட்டும் நாற்பது அட்டைப்பெட்டி.

புதன்கிழமை வந்தது. எனக்கு அன்றைக்கு வலது மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றியிருந்தேன். சந்தானம் சார் வந்தார், நின்றார், இரண்டு தட்டு. “அம்மா, பச்சை.” நான் சாவியைக் கழற்றி யோகாவிடம் கொடுத்தேன். அவள் ஒற்றை ஆளாக நாற்பது பெட்டிக்கும் சிவப்பை உரித்துப் பச்சை ஒட்டினாள். நாற்பது சீட்டிலும் ஏழு என்று எழுதினாள். வியாழக்கிழமை பெட்டிகள் கடைக்குப் போயின.

சனிக்கிழமை வேர்ஹவுஸில் யாருமே சத்தமாகப் பேசவில்லை. யாரோ ஒரு பையன் அந்தக் கேமை விளையாடி வீடியோ போட்டிருக்கிறான். கையில் பெட்டி, பெட்டியில் எங்கள் ஸ்டிக்கர். ஐரோப்பாவில் அந்தக் கேம் வெளியாகவே இல்லை. அரபிப் பேச்சில் பிழைகள் இருந்ததாம், அதைத் திருத்த வேண்டும், எல்லா மொழியும் ஒரே நாளில்தான் வர வேண்டும் என்று எல்லாருக்கும் மூன்று வாரம் தள்ளிவைத்திருந்தார்களாம். நாங்கள் அனுப்பியது திருத்தாதது. அந்தப் பிழைகளைப் போட்டு ஊர் ஊராகச் சிரித்தார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து மாற்றினவர்கள் அதைப் பார்த்து என்ன பாடுபட்டிருப்பார்கள். அவர்களுக்காகவும் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த வாரம் ஐரோப்பாக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவும் ஒரு ஆளும் வந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து எகிப்துக்காரர் ஒருவர், எச்.ஆர். முதலில் யோகாவைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, சார் தட்டுனாருன்னு சொன்னேன். அவங்க என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாங்க.”

நான் போனேன். நீள மேசை, தண்ணீர் பாட்டில், ஏசி எலும்பில் இறங்கியது. வெள்ளைக்கார அம்மாவுக்கு முன்னால் ஒரு பேப்பர். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும் என்றேனே. தேதி, டேப் மாற்றிய புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைத் தேதி. நடுவில் மூன்று வாரம் தள்ளின புதுத் தேதி. மேலே இருந்த பேர் சந்தானம் சார் பேர். பதினோரு வருஷமாக ரிஜிஸ்டரில் பார்க்கிற பேர், அதன் உருவம் எனக்குத் தெரியாதா? மூன்று வாரம் தள்ளிவைத்த செய்தி செவ்வாய்க்கிழமையே அவருக்கு வந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் புதன்கிழமை தட்டியிருக்கிறார். நாற்பது பெட்டி கேட்ட கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த அறையில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து தெரிந்தவர் ஒரே ஒருத்தர். சந்தானம் சார். அவர்தான் எனக்காக மாற்றிச் சொல்ல உட்கார்ந்திருந்தார்.

“பயப்படாதீங்கம்மா. மனசுல இருக்கறதச் சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன்,” என்றார், அதே தேன் குரலில்.

நான் சொன்னேன். என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். குனிந்துகொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். சார், நீங்கதான் புதன்கிழமை வந்து தட்டினீங்க. எப்பவும் தட்டுறதுதான் எங்களுக்குப் பேப்பர். சாவி என்னோடது, நான்தான் அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்தேன். அவ மேல குத்தம் இல்ல.

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். நிறையச் சொன்னார். அதில் எனக்குத் தெரிந்த சொல் மூன்று. மிஸ்டேக். கலர். சாரி. அந்த அம்மா என்னைப் பார்த்துப் பாவம் என்பது போலத் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் சொன்னதில் கலர் எங்கே இருந்தது? சாரி எங்கே இருந்தது?

எனக்குப் புரிந்துவிட்டது. மேசையில் நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். சாரைக் கை காட்டினேன். “கிரீன்,” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அவர் சிரித்தார். அதற்கும் அவர் ஏதோ சொன்னார். அவர்களும் லேசாகச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “போதும்மா, போங்க, ரெஸ்ட் எடுங்க,” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். வேர்ஹவுஸில் பாகிஸ்தான்காரர் நவாஸ் பாய் இருந்தார், எனக்கும் ஒப்பேற்றத் தெரிந்த ஹிந்தி அவருக்கு வரும், கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்கலாம். இது எனக்குத் தோன்றியது மறுநாள். சொன்னேனே, எனக்கு எல்லாம் பிந்தித்தான்.

யோகாவை விசா கேன்சல் செய்து அனுப்பினார்கள். எனக்கு வார்னிங் லெட்டர். அவளுக்குக் கொடுத்த கடிதத்தை ஊரில் அவள் மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். பேக்கிங்கில் இருந்த பெண்மணி சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் புரியாமல் குழம்பிவிட்டார், படிப்பறிவு இல்லாததால் நேர்ந்த தவறு என்று எழுதியிருந்ததாம். என்னிடம் போனில் யோகா அழவில்லை. “மக கேக்குறாக்கா, ஏம்மா ஒனக்குக் கலர் தெரியாதான்னு,” என்றாள்.

சிவப்பு தெரியாதாம். நாங்கள் படிக்காதவர்கள், அது உண்மை. கண் இல்லாதவர்கள் இல்லை. ஒரு ஸ்டிக்கர் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் சுருளையே திருப்பி அனுப்புகிறவள் அவள். இப்போது அவள் ஊரில் தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறாள். இலையிலிருந்து காம்பை நிறம் பார்த்துப் பொறுக்குகிற வேலை.

அடுத்த கேம் வந்தது. புதன்கிழமை மத்தியானம் சந்தானம் சார் பின்னால் வந்து நின்றார். இரண்டு தட்டு. “அம்மா, பச்சை.” நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடி தட்டினார். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

“பேப்பர், சார்.”

போனார். அரை மணி நேரத்தில் பேப்பர் வந்தது, கையெழுத்தோடு. அதன் பிறகு நான் ரிட்டயர் ஆகிறவரை ஒவ்வொரு கேமுக்கும் வந்தது. அரை மணி நேரம், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தைப் பதினோரு வருஷமாக நான் கேட்காமல் இருந்தேன், அவர் தராமல் இருந்தார். நடுவில் ஒரு பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது கேம் எல்லாம் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் திறக்கிறதாம். வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை, டேப்பும் இல்லை. அந்தச் செக்‌ஷன் மூடுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மூடட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று மத்தியானம் ஹட்டனுக்குப் போன் போட்டு யோகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது இல்லையா. கங்காணி வந்த இடத்தில் சிரித்தாள். முடித்ததும் கேட்டேன், சரியாக இருக்கிறதா என்று.

“எல்லாம் சரிதான்க்கா. ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க.”

என்ன என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

“டேப் மாத்தறதுக்கு முன்ன நான் ஒங்கள ஒண்ணு கேட்டேன்ல. அதையும் எழுதுங்க. நீங்க சொன்னதையும்.”

அந்த நீள மேசையிலும் நான் அதைச் சொல்லவில்லை. இந்தத் தாளிலும் தாண்டிப் போகத்தான் பார்த்தேன். எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் சாவியை நீட்டியபோது யோகா வாங்கவில்லை. “அக்கா, பேப்பர் வந்திச்சா?” என்று கேட்டாள். அவள் கேட்டாள். பதினோரு வருஷத்தில் அந்தச் செக்‌ஷனில் அதைக் கேட்ட இரண்டாவது ஆள் அவள்தான். நான் சிரித்தேன், அவர் என்னிடம் சிரித்த அதே சிரிப்பு. “சார் தட்டிட்டாருல்லா. பெறவு என்ன பேப்பர்? ஒட்டு மக்களே.”

நிவேதா, இதை இங்கிலீஷில் மாற்றுவதாக இருந்தால் சந்தானம் சாரிடம் மட்டும் கொடுக்காதே. வேறு யாரிடமாவது கொடு. கொடுத்துவிட்டு, நான் கடைசியில் சேர்த்த இந்த வரியும் அதில் வந்திருக்கிறதா என்று நீ ஒரு தடவை பார்த்துச் சொல். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.